ஜவ்வாது மலைக் காடு அழிந்துவிட்டதா? அந்தப் படங்களை நம்பாதீர்கள்

வேலூர் பக்கம் வாட்ஸ்அப்பில் இரண்டு செயற்கைக்கோள் படங்கள் சுற்றுகின்றன: ஒன்றில் ஜவ்வாது மலை பச்சை, இன்னொன்றில் பழுப்பு, ஐந்தே மாதத்தில் காடு போய்விட்டதாம். தவறு. முதல் படம் நவம்பர், அடுத்தது ஏப்ரல். அங்கே பெரும்பகுதி இலையுதிர் காடு. தேக்கு உள்பட பல மரங்கள் கோடையில் தண்ணீரை மிச்சப்படுத்த இலையைக் கொட்டிவிடும், மழைக்குப் பிறகு திரும்பத் துளிர்க்கும். இதனால்தான் இந்திய வன ஆய்வு நிறுவனம் காட்டின் பரப்பைக் கணக்கிட அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களை எடுக்கிறது. சரி, ஒப்பிட வேண்டுமா, வெவ்வேறு வருஷங்களின் அதே மாதத்தை எடுங்கள், அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். அப்புறம், சந்தன மரத் திருட்டு நிஜமான பிரச்சினை, ஆனால் லேண்ட்சாட் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 30 மீட்டர் அகலம், ஒற்றை மரம் வெட்டப்பட்டது அதில் தெரியாது, ஆள் நடந்துதான் பார்க்க வேண்டும்.