முதுகு காட்டி உட்கார்ந்து வாசிப்பவர்கள்

மார்ச் பிறந்தால் போதும், ஐரிஷ்காரர்களின் செயின்ட் பேட்ரிக் திருநாளுக்காகச் சிகாகோ ஆறு பச்சையாக ஓடும் படத்தை யாராவது பகிர்ந்துவிடுவார்கள். இந்த வருஷமும் வந்தது. கீழே ஒரு நண்பர், "ஐரிஷ்காரன்னாலே குடிதானே" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே.

முதலில் அந்தப் பச்சையை முடித்துவிடுகிறேன். 1962-இல் இதை ஆரம்பித்தவர்கள் பிளம்பர் சங்கத்தார். எந்தக் கட்டடத்திலிருந்து திருட்டுத்தனமாக ஆற்றில் கழிவு விழுகிறது என்று பார்க்கக் குழாய்களில் சாயம் விட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சாயத்தையே ஆற்றில் கொட்டினால் என்ன என்று யோசனை. முதல் வருஷம் அளவு தெரியாமல் 100 பவுண்டு கொட்டி, ஆறு ஒரு வாரம் பச்சையாகவே கிடந்தது. இப்போது 40 பவுண்டு அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். படகில் நின்று சல்லடையில் மாவு சலிப்பதுபோலத் தூவுவார்கள். பொடி ஆரஞ்சு நிறம், தண்ணீர் பட்டதும் பச்சை. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அன்று காலை பத்து மணிக்கே பச்சைத் தொப்பியோடு தள்ளாடும் பிள்ளைகளில் பலருக்கு அயர்லாந்து மேப்பில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவர்களை வைத்து ஒரு சமூகத்தை எடைபோடுவது நியாயமில்லை.

நான் சொல்ல வருவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சிகாகோவின் வடமேற்குப் பக்கம் ஒரு ஐரிஷ் பப், என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். ஆபீஸில் பான்ஜோ வாசிக்கும் நண்பர் ஒருவர் "சும்மா வந்து உட்கார்" என்று இழுத்துக்கொண்டு போனார். நான் குடிப்பதில்லை, ஒரு இஞ்சி சோடாவை வாங்கிக்கொண்டு மேடை எங்கே என்று தேடினேன். மேடை கிடையாது, மைக் கிடையாது. மூலையில் ஒரு மேஜையைச் சுற்றி ஏழெட்டு நாற்காலிகள், எல்லாம் உள்பக்கம் பார்த்து. நமக்குத் தெரிவது முதுகுதான். இரண்டு ஃபிடில் (நம்ம வயலின்தான்), ஒரு மரக் குழல், கான்சர்டினா (கையால் விரித்துச் சுருக்கும் சின்னத் துருத்திப் பெட்டி), டின் விசில் என்ற தகரக் குழல், நண்பரின் பான்ஜோ. இதற்குப் பெயர் செஷன்.

யாரோ ஒருவர் ஒரு மெட்டை ஆரம்பிக்கிறார். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். மெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பாகம், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தால் ஒரு சுற்று. மூன்று சுற்று ஆனதும் நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். தாவும் முன் ஆரம்பித்தவர் தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்ப்பார், இல்லாவிட்டால் "ஹப்" என்று ஒரு குரல். அவ்வளவுதான் சைகை. ஜிக் என்கிற வகை ஆட்ட மெட்டு தகிட தகிட என்று ஓடும், ரீல் என்கிற வகை தகதிமி தகதிமி. இது பிடிபட்ட சந்தோஷத்தில் நான் மேஜையைத் தட்ட ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி என் கைமேல் தன் கையை வைத்து மெல்ல அழுத்தினார். சிரித்தபடிதான். வட்டத்தில் ஏற்கனவே ஒருவர் ஆட்டுத்தோல் போர்த்திய பவ்ரானைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு நேரத்தில் ஒரு பவ்ரான்தான். இரண்டாவது ஆள் கொண்டுவந்தால் மடியில் வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருக்க வேண்டும். தெரியாத மெட்டு வந்தால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும், தடவித் தடவிக் கூடவே வாசிக்கக் கூடாது. இதெல்லாம் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. என்னைப்போல் கை அழுத்தப்பட்டுத்தான் எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள் போல.

ஒரு மெட்டுக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள், நான்காவது ஆள் உதட்டைப் பிதுக்கினார்.

இந்தப் பெயர்க் குழப்பத்தை ஓரளவாவது ஒழுங்குபடுத்தியவர் ஒரு போலீஸ்காரர். அதுவும் இதே சிகாகோவின் போலீஸ் தலைவர். ஃபிரான்சிஸ் ஓ'நீல், 1848-இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். அதே 1848-இல்தான் இங்கே இல்லினாய்ஸ்–மிச்சிகன் கால்வாய் திறக்கப்பட்டது. அதை வெட்டிய கூலிகளில் பெரும்பகுதி ஐரிஷ்காரர்கள், பிரிட்ஜ்போர்ட் பேட்டையில் குடிசை போட்டுத் தங்கியவர்கள். ஓ'நீல் பதினாறு வயதில் கப்பலேறி, பசிபிக்கில் கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கி, எங்கெங்கோ சுற்றி 1873-இல் சிகாகோ போலீஸில் சேர்ந்தார். சேர்ந்த ஒரு மாதத்துக்குள் திருடன் சுட்ட குண்டு முதுகில் பாய்ந்தது. கடைசிவரை அது உள்ளேயே இருந்தது. 1901-இலிருந்து 1905 வரை போலீஸ் தலைவர்.

அவருக்கு ஒரு மெட்டை ஒருமுறை கேட்டால் போதும், மனசில் ஒட்டிக்கொள்ளும். எழுதத்தான் வராது. அதனால் ஜேம்ஸ் ஓ'நீல் என்ற இன்னொரு போலீஸ்காரரிடம் (உறவில்லை, பெயர்தான் ஒன்று) குழலில் வாசித்தோ வாயால் முனகியோ காட்ட, அவர் நொட்டேஷன் எழுதிவிடுவார். நல்ல குழல்காரரோ, பைப் என்கிற காற்றுப்பை வைத்த குழல் வாசிப்பவரோ ஊரிலிருந்து வந்திறங்கினால் அவருக்குப் போலீஸில் வேலை போட்டுக் கொடுப்பது ஓ'நீலின் வழக்கம். இதைப் பச்சையாகச் சிபாரிசு என்றுதான் சொல்ல வேண்டும், அந்தக் காலத்து சிகாகோ அரசியலே அப்படித்தான். ஆனால் அந்தச் சிபாரிசின் பலன் 1903-இல் 1850 மெட்டுகளாக அச்சில் வந்தது. 1907-இல் ஆட்ட மெட்டுகள் மட்டும் 1001. அயர்லாந்திலேயே வாத்தியக்காரர்கள் அந்த இரண்டாவது தொகுப்பை வெறுமனே "தி புக்" என்பார்கள். ஐரிஷ்காரர்கள் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஊரில் சேர்த்தது, விட்டுவந்த ஊருக்கே திரும்பிப் போயிருக்கிறது. பின்னாளில் சிகாகோவின் எல்ஸ்டன் அவென்யூவில் அவர் பெயரிலேயே ஒரு பப்பும் வந்தது.

அந்த ஓட்டம் நிற்கவில்லை. லிஸ் கேரல் சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர். 1975-இல் அயர்லாந்துக்கே போய் அகில அயர்லாந்து ஃபிடில் போட்டியில் பெரியவர்கள் பிரிவில் ஜெயித்தார். அப்போது வயது 18.

பப்பை மட்டுமே நம்பி இங்கத்து ஐரிஷ்காரர்கள் உட்கார்ந்துவிடவும் இல்லை. 1985-இல் ஒரு பழைய கல்லூரிக் கட்டடத்தை விலைக்கு வாங்கினார்கள். தச்சரும் எலெக்ட்ரீஷியனும் பிளம்பருமாக, சனி ஞாயிறுகளில் வந்து இலவசமாக உழைத்து அதை ஐரிஷ் அமெரிக்கப் பண்பாட்டு மையமாக்கிவிட்டார்கள். உள்ளே நூலகம், நாடக அரங்கம், ஆட்டப் பள்ளி. அங்கேயும் ஒரு பப் உண்டு, பெயர் "ஐந்தாவது மாகாணம்". அயர்லாந்தில் மாகாணங்கள் நான்குதான். ஊரை விட்டுப் போனவர்களெல்லாம் சேர்ந்தால் அது ஐந்தாவது. இந்தப் பெயரைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். காரணமெல்லாம் சொல்லவில்லை.

சரி, எல்லாம் தேன் என்று நான் சொல்ல வரவில்லை. இவ்வளவு இறுக்கமான ஒட்டுறவு அடுத்தவன் முகத்தில் கதவைச் சாத்தவும் செய்யும். 1919 இனக் கலவரத்தில் இந்த நகரத்தில் 38 பேர் செத்தார்கள், அதில் 23 பேர் கறுப்பினத்தவர். அவர்களை அடிக்கக் கிளம்பிய கும்பல்களில் முன்னால் நின்றவை ஐரிஷ் இளைஞர்களின் "அத்லெட்டிக் கிளப்"கள். இது இசை விழா நோட்டீஸில் வராது. குடி விஷயத்திலும் அந்தப் படத்துக்குக் கீழே நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லை. தெற்குப் பக்கத்து ஐரிஷ் ஊர்வலம் 1979-இல் தெருப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் சுற்றிவந்ததில் ஆரம்பித்தது. வளர்ந்து வளர்ந்து 2009-இல் குடிவெறியும் கைதுமாக முடிந்தது. நடத்தியவர்களே போதும் என்று நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷம் ஊர்வலமே இல்லை. 2012-இல், தெருவில் ஒரு பாட்டிலைக்கூட அனுமதிக்க மாட்டோம் என்ற கண்டிப்போடுதான் திரும்ப வந்தது. கூட்டம் வந்தால் போதும் என்று அவர்கள் நினைக்காதது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு எரிச்சல் வருவது வேறு ஒன்றில். இப்போது டப்ளினில் ஐரிஷ் பப்பையே பாகம் பாகமாகச் செய்து கன்டெய்னரில் ஏற்றி உலகம் முழுக்க அனுப்பும் கம்பெனிகள் இருக்கின்றன. கவுன்ட்டர், புகை படிந்ததுபோன்ற கண்ணாடி, சுவரில் மாட்டத் துருப்பிடித்த சைக்கிள் உட்பட. அப்படி ஒன்றில் செஷன் வைக்கிறார்கள் என்று போனேன். பெரிய திரையில் மேட்ச் ஓடியது, வாத்தியக்காரர்களைக் கழிவறைக்குப் போகும் வழியில் உட்காரவைத்திருந்தார்கள். ஃபிடில்காரர் வில்லை இழுக்கும்போதெல்லாம் போகிறவர் வருகிறவர் முழங்கையில் இடிபட்டது. இரண்டு மாதத்தில் அது நின்றுபோனது. சைக்கிள் மட்டும் சுவரில் இருக்கும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கடையில் சுவரில் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. கின்னஸ் என்கிற ஐரிஷ் கறுப்பு பீரை முக்கால் கிளாஸ் ஊற்றி, அடங்கவிட்டு, அப்புறம்தான் மீதியை ஊற்றுவார்கள். கம்பெனிக் கணக்கில் 119.5 விநாடி. அதற்குள் பார்மேன் உங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போயிற்று என்பது வரை விசாரித்து முடித்திருப்பார். போன பனிக்காலத்தில் வாரம் தவறாமல் வரும் ஒரு குழல்காரருக்கு ஆபரேஷன். அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, மேலே ஒரு பிஸ்கட் டின்னை வைத்திருந்தார்கள். பணம் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் அறிவிக்கவில்லை.

போன வாரம் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பெண் அப்பாவோடு வந்து வட்டத்துக்குள் உட்கார்ந்தது. ரொம்ப நேரம் டின் விசிலை மடியிலேயே வைத்திருந்தது. இடையில் எல்லாரும் ஓய்ந்திருந்தபோது, கான்சர்டினாப் பெரியவர் அதன் பக்கம் திரும்பி "உம்?" என்றார். அது ஒரு ஜிக்கை ஆரம்பித்தது. நடை ரொம்ப மெதுவு, நடுவில் ஒரு இடத்தில் மூச்சு முட்டிற்று. யாரும் வேகத்தைக் கூட்டவில்லை. முதல் சுற்றைத் தனியாக முடிக்கவிட்டு, இரண்டாவது சுற்றில் ஃபிடில்கள் அதன் வேகத்திலேயே அடியில் சேர்ந்தன. மூன்றாவது சுற்று முடிகிற நேரம் அந்தப் பெண் நிமிர்ந்து பெரியவர்களை ஒரு பார்வை பார்த்தது. அத்தனை பேரும் அடுத்த மெட்டு என்னவோ என்று அதன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டி இந்தத் தடவை என் கையை அழுத்தவில்லை. நான்தான் மேஜைக்கு அடியில் தட்டிக்கொண்டிருந்தேனே.