ஊதும் பரிசோதனை மட்டும் போதாது

நுரையீரல் பரிசோதனையில் ஊதும் காற்றின் அளவு குறைந்தவர்களுக்கு இதய மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கல் அதிகம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் அந்த அளவு ஏன் குறைந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

என் அண்ணனுக்கு அந்த ஊதும் பரிசோதனையை, அதாவது ஸ்பைரோமெட்ரி, எடுத்தபோது பக்கத்தில் நின்றேன். மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழாய். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" என்று டெக்னீஷியன் கத்துகிறார். மூன்றாவது தடவை அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ரிப்போர்ட் மோசம். வீட்டில் எல்லோரும் இடிந்துபோனோம். டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. பலவீனமான இதயத்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, அது வடிந்ததும் மறுபடி பார்க்கலாம் என்றார். நீர் பிரியும் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்து எடுத்ததில் நன்றாகவே ஏறியிருந்தது.

புகையால் கெட்ட நுரையீரல் வேறு கதை. இதயத்தை மாற்றினாலும் அது அப்படியேதான் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இத்தனை பரிசோதனையும்.

அப்புறம், நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்தை ஊதிக் கண்டுபிடிக்க முடியாது. ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுத்தான் அளக்க வேண்டும். அது அதிகமாக இருந்தால், பழக்கமில்லாத புது இதயத்தின் வலது கீழறை திணறிவிடும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதயம் நன்றாக இருந்தாலும் நுரையீரல் கைவிடலாம். 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உலகின் முதல் மனித இதய மாற்று நடந்தது. அந்த நோயாளி 18 நாளில் இறந்தது நிமோனியா என்ற நுரையீரல் தொற்றால். புது இதயம் கடைசிவரை துடித்துக்கொண்டுதான் இருந்தது.