நாலாவது வரி

போன டிசம்பர் லீவில், மயூர் விஹார் வீட்டில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு நானும் மகளும் லேப்டாப்பில் ‘எலைட்’ ஆடினோம். 1984-இல் வந்த விண்வெளி விளையாட்டு. ராகேஷ் சர்மா விண்ணுக்குப் போன அதே வருஷம். டேவிட் பிரேபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எழுதியது. மத்திய அரசின் ‘கிளாஸ்’ என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் அதே மெஷின்தான். எங்கள் டெல்லிப் பள்ளியில் அதை ஏசி ரூமில் வைத்திருந்தார்கள். ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். சீனியர் அண்ணா ஒருவர் லண்டன் சித்தப்பாவிடமிருந்து வாங்கி வந்த ஃப்ளாப்பியில்தான் எலைட்டை முதலில் பார்த்தேன்.

அந்த மெஷினின் மொத்த நினைவகம் 32 கேபி. காலையில் வாட்ஸ்அப்பில் வரும் வணக்கப் படம்கூட அதில் அடங்காது. அதற்குள் எட்டு கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 உலகம், ஆக 2048. இத்தனையையும் எங்கே வைத்தார்கள்? வைக்கவே இல்லை! ஒரு கேலக்ஸிக்கு மூன்று எண்கள், ஆறே பைட். மூன்றையும் கூட்டினால் அடுத்த எண். அப்படியே உருட்டிக்கொண்டு போனால் ஊரின் பேர், இடம், ஆட்சி, விளைச்சல் எல்லாம் அந்த எண்களிலிருந்தே பிறக்கும். ஆட்டம் தொடங்கும் கிரகத்தின் பேர் லேவ்; எத்தனை தரம் திரும்பி வந்தாலும் லேவ் அதே லேவ்தான். இதை மகளுக்குப் பேப்பரில் கூட்டிக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கணும்.

அந்தக் காலத்து ஆட்டம் என்றால் மூன்று உயிர், ஒரு ஸ்கோர், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். எலைட்டில் இதெல்லாம் இல்லை என்பதாலேயே தார்ன் இஎம்ஐ என்ற கம்பெனி வேண்டாம் என்றது. பிறகு ஏகார்ன்சாஃப்ட் வெளியிட்டது. கையில் 100 கிரெடிட் (அந்த ஆட்டத்துக் காசு), ஒரு விண்கப்பல். எங்கே போகணும், எப்படிப் பிழைக்கணும் என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஸ்கூல், டியூஷன், வெள்ளிக்கிழமை மலை மந்திர் என்று அப்பா வகுத்த நேரப்படி வளர்ந்த ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸ் பையனுக்கு அது எப்பேர்ப்பட்ட விடுதலை!

அந்த விடுதலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பது அந்த டிசம்பரில்தான் உறைத்தது.

கிரகத்துக்குக் கிரகம் வாங்கி விற்கும் சந்தைப் பட்டியலில் 17 சரக்கு. உணவு, துணி, கதிரியக்கப் பொருள். நாலாவது வரியில் அடிமைகள். மகள் அங்கே நின்றுவிட்டாள்.

“அப்பா, ஆளையா டன் கணக்குல விக்கறாங்க?”

ஆமாம், டன் கணக்கில்தான். பதினாலு வயசில் நான் அதை ஏற்றியிருக்கிறேன், பல தடவை. அப்போது கண்ணில் பட்டது விலை வித்தியாசம் மட்டும். என் கொள்ளுப்பாட்டி கங்காணியின் கடனில் சிக்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். அவளைப் பற்றி வீட்டில் கதை கதையாகக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் அந்த வரியும் அவளும் என் மனசில் ஒருநாளும் சேரவில்லை.

இந்த மாதிரிப் பழைய ஆட்டங்களிலிருந்து இதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த ஆட்டத்தின் நியாயத்தைப் பாருங்கள். விண்வெளி நிலையத்தில் அடிமைகளைப் பகிரங்கமாக விற்பார்கள், விற்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது. ஏற்றிக்கொண்டு வெளியே வந்தால் கப்பல்காரன் பேரில் குற்றம் பதிவாகும், போலீஸின் வைப்பர் கப்பல்கள் துரத்தும். இப்படித்தானே நிஜத்திலும் நடந்தது, நடக்கிறது? அந்த வரி இருக்கட்டும். பிள்ளைகள் ஆடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும், கேட்டால் பதில் சொல்லட்டும். பழைய விளையாட்டை மறுபடி எடுப்பவர்கள் கிராபிக்ஸைப் பற்றியே பேசுகிறோம். பட்டியலையும் படிக்கணும்.

கொள்ளுப்பாட்டி கதையை அன்று ராத்திரி முழுசாகச் சொன்னேன். மறுநாள் மகள் லேவிலிருந்து புது ஆட்டம் தொடங்கினாள். கைக்காசுக்கு உணவு மட்டும் வாங்கி ஜாவோன்ஸ் என்ற கிரகத்துக்குக் கிளம்பினாள். அங்கே நிலையத்தின் வாசல் கிரகத்தைப் பார்த்து இருக்கும், நிலையமோ சுற்றிக்கொண்டே இருக்கும். முன்னால் போய்த் திரும்பி, அதன் சுழற்சிக்குக் கப்பலையும் உருட்டி, மெதுவாக நுழையணும். மூன்று தடவை மோதி வெடித்தது. கீபோர்டில் என் கையை வைக்க விடவில்லை. நாலாவது தடவை உள்ளே போனாள்.