கடல்மீன் தொட்டிக்குக் கண்ணாடி மூடி வேண்டாம்

மன்னார்குடியில் புதிதாகக் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் தம்பி ஒருவர் நேற்றிரவு போனில் கேட்டார்: "அண்ணே, கடைக்காரர் கண்ணாடி மூடி ஒன்று கொடுத்திருக்கிறார். போட்டே வைக்கலாமா?" எடுத்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். காரணம் சொல்லாமல் விட்டோமே என்று பிறகு மனம் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

வேதாரண்யத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாத்தியில் உவர்நீரைக் கட்டினால் வெயில் தண்ணீரை மட்டும் கொண்டுபோகும், உப்பு தங்கிவிடும். வீட்டுத் தொட்டியிலும் அதேதான் நடக்கிறது. என் தொட்டி மூன்றடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. சுமார் 180 லிட்டர் பிடிக்கும். சித்திரை மாதத்தில் நாளுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகிறது. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 14 லிட்டர் போய்விடும். கிலோவுக்கு 35 கிராமாக இருந்த உப்பு 38-ஐத் தொடும். இதற்குப் பயந்துதான் பலர் மூடி போடுகிறார்கள். பயம் நியாயமானது, மருந்துதான் சரியில்லை.

ஆவியாகிப் போனது நல்ல தண்ணீர், ஆகவே நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும். உப்பு கரைத்த நீரை ஊற்றினால் உப்பின் மேல் உப்பு சேரும். எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போர் தண்ணீரே கரிக்கிறது என்பதால் ஆர்.ஓ. தண்ணீர்தான். தொட்டியின் வெளிப்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தினமும் காலையில் காபிக்கு முன்னால் அந்தக் கோடு வரை ஊற்றிவிடுவேன். ஒரு நிமிட வேலை.

இனி சூட்டுக்கு வருகிறேன். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆவியாகும் நீர் தன்னோடு சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், கணக்குப்படி 180 லிட்டரை ஏறக்குறைய மூன்று டிகிரி குளிர்விக்கப் போதும். கத்திரி வெயிலில் கூரைக்குக் கீழே உட்கார முடியாத நம் ஊரில் இந்த இலவசக் குளிர்ச்சியைக் கண்ணாடி போட்டு அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோடையில் சின்ன மேசை விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் வீசும்படி வைக்கிறேன். மூடி இருந்தால் அந்த விசிறியால் ஒரு பயனும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாவது குறையும். அப்போதும் நான் மூடுவதில்லை. அதற்குக் காரணம் வேறு.

2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த இரவு, தூசியும் இலையும் விழாமல் இருக்கட்டும் என்று நானே கண்ணாடி மூடியை நன்றாகப் பொருத்திவிட்டுப் படுத்தேன். கரண்ட் போனது, மோட்டார் நின்றது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனையே தாங்கும். அசைவில்லாத நீர், மேலே கண்ணாடி. விடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மீன்கள் எல்லாம் கண்ணாடியை ஒட்டி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள்கள் படபடவென்று அடித்தன. மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு நானும் அம்மாவும் மாறி மாறிச் சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். கை மரத்துப் போகும்வரை ஊற்றினோம். ஏழில் இரண்டு கோமாளி மீன்கள் மட்டும் பிழைத்தன. புயலின் மீது எனக்குக் கோபமில்லை. மூடியைப் பொருத்தியது என் கை.

"மீன் குதித்துவிடாதா?" என்று கேட்பீர்கள். குதிக்கும். மூடி இல்லாமல் வைத்த முதல் மாதமே ஃபயர்ஃபிஷ் ஒன்று குதித்துவிட்டது. மேசைக்கு அடியில் எறும்பு மொய்த்துக் காய்ந்து கிடந்தது; அந்த நீண்ட முதுகுத் துடுப்பு மட்டும் அப்படியே நிமிர்ந்திருந்தது. அம்மா பல்லி விழும் என்று வேறு கவலைப்பட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே திறந்தும் விடாதீர்கள், வலை போடுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பவரிடம் சொன்னால் அளவெடுத்துச் சட்டம் செய்து தருவார். ஆனால் கொசுவலையையே அதில் அடிக்க வேண்டாம். கண் பொடியாக இருப்பதால் உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும். நான் நாகப்பட்டினத்தில் வாங்கிய வெள்ளை நைலான் வலையைப் போட்டிருக்கிறேன், கால் அங்குலக் கண். காற்றும் வெளிச்சமும் தடையில்லாமல் இறங்குகின்றன. இரும்புக் கம்பி வலை கூடவே கூடாது, துருப்பிடித்துத் தொட்டிக்குள் சொட்டும். விளிம்பில் பூக்கும் உப்பை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

தம்பி, என்னிடம் அந்த வலை இரண்டு முழம் மிச்சம் இருக்கிறது. தொட்டியின் வாய் அளவை உள்விளிம்பில் வைத்து எடுத்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதுவரை அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தியாவது வையுங்கள்.