2024: என்னுடைய நம்பர் ஒன் பாட்டு மழைச் சத்தம்

டிசம்பர் பிறந்ததுமே பாட்டு கேட்கும் செயலி வருஷக் கணக்கை அனுப்பிவிட்டது. நண்பர்கள் ஆளாளுக்கு ஸ்டோரியில் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஆசையாகத் திறந்து பார்த்தேன். நான் அதிகம் கேட்டது 'மழைச் சத்தம்'. அடுத்தது 'மழைச் சத்தம், இடியுடன்'. இளையராஜா பாவம், ஐந்தாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

காரணம் தங்கச்சி மகள். பிரசவத்துக்கு மன்னார்குடி வந்த தங்கச்சி ஆறு மாதம் வீட்டோடு இருந்தாள். ஜூனில் பிறந்த பாப்பா, தாலாட்டு, தொட்டில், தோள் எதற்கும் மசியவில்லை. யாரோ சொன்னார்கள் என்று என் போனில் மழைச் சத்தத்தைப் போட்டோம். பத்தே நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். அன்றிலிருந்து ராத்திரி பூரா போன் அவளுடையது.

மற்றபடி அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பைக் கடன் அடைந்தது, எடை மூன்று கிலோ கூடியது. சரி, பாட்டுக்கு வருவோம்.

நான் தினமும் மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போய் வருகிறவன். நடுவில் நீடாமங்கலம் ரயில்வே கேட். அந்த கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எஞ்சின் முன்னால் போகும், பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும். இந்த வருஷம் நான் பாட்டு கேட்டதில் பாதி அங்கே நின்றபடிதான். 'மெய்யழகன்' கதை நீடாமங்கலத்துக்கே வருவதால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் படம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் மாதிரி ஆகிவிட்டது. அதில் கமல் குரலில் வரும் 'போறேன் நா போறேன்' பாட்டை மூடிய கேட்டுக்கு முன்னால் கேட்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போகத்தான் வழியில்லை.

இதே கமல் குரல்தான் வருஷத் தொடக்கத்திலும் ஊரைப் பிடித்து ஆட்டியது. பிப்ரவரியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தது. மலையாளத்திலேயே பார்த்தோம், டப்பிங்குக்கு யாரும் காத்திருக்கவில்லை. கடைசியில் 'கண்மணி அன்போடு காதலன்' ஒலித்தபோது தியேட்டரில் விசில் அடங்கவே இல்லை. 1991 தீபாவளிக்கு வந்த 'குணா' பாட்டு, காதலை விட்டு நட்புக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. செப்டம்பரில் 'லப்பர் பந்து' வந்து, 1989இல் வெளியான விஜயகாந்தின் 'பொன்மனச் செல்வன்' பாட்டைத் தூசு தட்டியது. 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' கேட்காத தனியார் பஸ் டெல்டாவில் இருந்திருக்காது. விஜயகாந்த் போய் ஒன்பது மாதம்கூட ஆகாத நேரம். அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்ட கண்டக்டர் சட்டென்று நிறுத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்ததை நான் பார்த்தேன்.

"புதுப் பாட்டு எதுவும் நிற்கவில்லை, அதான் பழசைத் தோண்டுகிறார்கள்" என்று ஒரு கூட்டம் எழுதியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய பாட்டைச் சரியான இடத்தில் வைக்கத் தெரிவதும் ஒரு திறமை. என் உறுத்தல் வேறு.

கமலின் இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நடுவே 33 வருஷம். குரல் தடித்திருக்கிறது, சில இடங்களில் கரகரக்கிறது. வயசான குரல் வயசான குரலாகவே வருகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. இந்த வருஷம் வயசே ஆகாத குரல்களையும் கேட்டோம். 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் ஏஐ வழியாக மறுபடி பாடினார்கள். ஒருவர் 2022இல் போனவர், இன்னொருவர் 1997இல் போனவர். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் சொன்னார். ஜனவரியில் பாடகி பவதாரிணி மறைந்தார். ஜூனில் 'கோட்' படத்தின் 'சின்ன சின்ன கண்கள்' பாட்டில் அக்காவின் குரலைத் தம்பி யுவன் அதே முறையில் கொண்டுவந்தார்.

ஒரு தம்பியின் துக்கத்தில் மூக்கை நுழைக்க எனக்கு உரிமையில்லை. விவரம் தெரியாமல் முதல் தடவை கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை. ஆனால் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டுக்குத் தேசிய விருது வாங்கிய அந்தக் குரலில், எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லை லேசாக நழுவ விடுவது என்று முடிவு செய்தவர் பவதாரிணி. "இன்னொரு டேக் போகலாம்" என்று கேட்கவோ, "இது வேண்டாம்" என்று எழுந்து போகவோ அவரால் முடிந்தது. அனுமதியைக் குடும்பம் கொடுத்துவிடலாம். இன்னொரு டேக்கை யார் கேட்பது?

இதையெல்லாம் யோசிக்க வைத்தது சினிமா இல்லை, எங்கள் அம்மாச்சி. புரட்டாசியில் போய்ச் சேர்ந்தது. கொள்ளுப்பேத்தியை மடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனது, அதுவரை நிம்மதி. கொரோனா சமயத்தில் அது மொச்சை உரித்துக்கொண்டே ஒரு தாலாட்டு பாடியதை என் பழைய போனில் பிடித்து வைத்திருந்தேன். ஒன்றரை நிமிஷம். நாலாவது அடியில் கோழி ஒன்று முறத்துக்கு வந்துவிட, "ச்சூ... சனியனே" என்று விரட்டிவிட்டு, விட்ட இடம் தெரியாமல் நிறுத்திவிடும். மிச்சப் பாட்டு அதோடு போச்சு.

காரியம் முடிந்த பிறகு பெரியம்மா பையன் அந்தப் பதிவை வாங்கிப் போய் ஏதோ ஏஐயில் போட்டுச் சுத்தம் செய்து அனுப்பினான். பிரியத்தோடுதான் செய்தான். குரல் பளிச்சென்று இருந்தது. கோழி இல்லை, "ச்சூ" இல்லை, மொச்சைத் தோல் விழும் சத்தம் இல்லை. "பாக்கி அடியையும் எழுதிக் கொடுண்ணே, அம்மாச்சி குரல்லயே பாட வெச்சுடலாம்" என்றான். பாக்கி அடி யாருக்குமே தெரியாததால் தப்பித்தேன். தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

இடையில் ஒன்று. டிசம்பர் 15இல் தபேலா மேதை ஜாகிர் உசேன் போனதும் ஒரு வாரம் அவரைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. பிப்ரவரியில்தான் ஒரே நாளில் மூன்று கிராமி வாங்கியிருந்தார். செயலியின் கணக்கில் அந்த வாரம் இல்லை. அது முன்கூட்டியே வருஷத்தை முடித்துவிட்டது.

நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. வழக்கம்போலக் கரண்ட் போனது. போனிலும் சார்ஜ் இல்லை. வெளியே ஓட்டில் நிஜ மழை கொட்டுகிறது, உள்ளே போன் மழை நின்றுவிட்டது என்று பாப்பா எழுந்து வீறிடுகிறாள். அம்மா இருட்டில் தொட்டிலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே அம்மாச்சியின் பாட்டை ஆரம்பித்தாள். நாலாவது அடி வந்ததும் தடுமாறி மறுபடி முதல் அடிக்கே போனாள். அப்படியே சுற்றிச் சுற்றி அதே மூன்று அடி. பாப்பா எப்போது தூங்கினாள் என்று தெரியாது, அதற்கு முன்பே நான் தூங்கிவிட்டேன்.