முதலில் அவர்கள் மாஸ்க் போடட்டும்

தேவகோட்டையில் ஒரு சாந்திக் கல்யாணம். பந்தி முடிந்து முகப்பில் உட்கார்ந்திருந்தோம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஆச்சி ஒருவர் ஆத்திரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வழியில் கேபினில் காற்றழுத்தம் குறைந்து, தலைக்கு மேலிருந்து மாஸ்க் தொங்க, விமானம் கிடுகிடுவென இறங்கியிருக்கிறது.

"என்ன ஏதுன்னு பைலட் ஒரு வார்த்தை சொல்லல தம்பி. அந்தப் பொண்ணும் சாப்பாட்டு வண்டிய நிறுத்திட்டு, எங்க வரிசையில உக்காந்து தனக்கு மாஸ்க்க மாட்டிக்கிச்சு!"

சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த விமானத்தில் இருந்தவர்கள் செய்தது அத்தனையும் சரி.

35,000 அடியில் அழுத்தம் போய்விட்டால், தெளிவாக யோசிக்க அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம்தான். மூச்சு முட்டினாலாவது உஷாராவோம். இதில் பலருக்கு லேசாகத் தலை கிறுகிறுத்து, சுகமாகக்கூட இருக்குமாம். புத்தி மங்குவது அந்தப் புத்திக்கே தெரியாது. அதனால்தான் பைலட்டின் மாஸ்க் ஒற்றைக் கையால் சில நொடிகளில் மாட்டும்படி இருக்கிறது. அப்புறம் மாஸ்க் இல்லாமலே மூச்சு விடக்கூடிய 10,000 அடிக்கு இறங்க வேண்டும், கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். நம்மிடம் பேசுவது அதற்கும் பிறகுதான். பெரும்பாலான விமானங்களில் நம் மாஸ்க்குக்கு வரும் ஆக்சிஜன் ஏறக்குறைய கால் மணி நேரத்துக்குத்தான். மெதுவாக இறக்கு என்று யாரைக் கேட்பது?

அந்தப் பெண் தன் இருக்கைக்கு நடந்து போயிருந்தால் வழியிலேயே சுருண்டு விழுந்திருப்பார். வரிசையில் கூடுதலாக ஒரு மாஸ்க் இருப்பது இந்த மாதிரி நேரத்துக்கும்தான்.

2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் விமானத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. தரையில் சோதனை முடித்தவர்கள் கேபின் அழுத்த சுவிட்சைத் தானாக இயங்கும் நிலைக்கு மாற்றாமல், மேனுவலிலேயே விட்டுவிட்டார்கள். பைலட்டுகளும் கவனிக்கவில்லை. மேலே ஏறும்போது எச்சரிக்கை ஒலித்தது. வேறொரு கோளாறுக்கும் அதே சத்தம் என்பதால், அதுதான் என்று நினைத்துத் தரையோடு பேசிக்கொண்டிருந்தபோதே நினைவு போய்விட்டது. பின்னால் பயணிகளுக்கு மாஸ்க் தொங்கியது, முன்னால் இருவரும் போடவில்லை. எரிபொருள் தீரும்வரை பறந்து, ஏதென்ஸ் அருகே மலையில் மோதியது. 121 பேரும் போய்விட்டார்கள்.

விமானக்காரர்கள் தவறே செய்யமாட்டார்கள் என்று நான் வாதாடவில்லை. 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸில் கேபின் அழுத்தத்துக்கான சுவிட்ச் போட மறந்து, பயணிகள் பலருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. அதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். உயிரைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்தவர்களையும் அதே வாயால் திட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் பக்கத்தில் பிள்ளைகளைப் பார்க்க மலேசியா, சிங்கப்பூர் போகும் பெரியவர்கள் ஏராளம். திருச்சிக்குக் கார் ஏற்றும்போதே சொல்லி அனுப்புங்கள். மாஸ்க் தொங்கினால் எட்டிப் பிடித்து நன்றாக இழுக்க வேண்டும், இழுத்தால்தான் ஆக்சிஜன் வரும். பை உப்பாவிட்டாலும் வந்துகொண்டிருக்கும். கருகல் வாடை அடித்தால் பயந்து கழற்றக் கூடாது. மடியில் பேரன் இருந்தாலும் முதலில் தனக்கு, உடனே அவனுக்கு.