ஸ்கோர் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன்

பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுக்கிறவர்கள் பெற்றோரைச் சமாளிப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். சீசனுக்கு முன்பே பெற்றோர் கூட்டம் போட்டுவிட்டால் பாதித் தகராறு குறையும் என்கிறது அது. சரிதான், ஆனால் கூட்டத்தில் நன்றாகத் தலையாட்டுகிறவர்கள்தான் மூன்றாவது ஆட்டத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

டெக்சாஸில் பத்து வயதுக்குட்பட்ட பெண்களுக்கு நான்கு வருடமாக சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) பயிற்சி கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. இந்த வயதுக்கு 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்து, 35 அடி தூரத்திலிருந்து வீச வேண்டும். ஸ்ட்ரைக், அதாவது அடிக்கிறவருக்கு எட்டும் எல்லைக்குள் போகும் பந்து, விழுவதே பெரிய விஷயம். போன வருடம் ஓர் அப்பா, மகள் வீசும் ஒவ்வொரு பந்துக்கும் "மணிக்கட்டு, மணிக்கட்டு!" என்று கத்துவார். பாவம், அந்தப் பிள்ளை அவரைப் பார்ப்பதா என்னைப் பார்ப்பதா என்று தெரியாமல் பந்தோடு அப்படியே நிற்கும். நான் சண்டைக்குப் போகவில்லை. ஸ்கோர் புத்தகத்தையும் பென்சிலையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு பந்தையும் குறிக்கிறவருக்குக் கத்த நேரம் ஏது?

அப்புறம், இங்கே பல அணிகளில் இருக்கும் 24 மணி நேர விதி. புகார் எதுவானாலும் மறுநாள்தான். "என் மகளை ஏன் பந்தே அதிகம் வராத ரைட் ஃபீல்டில் நிறுத்தினீர்கள்?" என்று கார் வரைக்கும் துரத்தி வந்தவர்களில் பாதிப் பேர் மறுநாள் போனே செய்வதில்லை.